மொட்டைமாடியில் ஒரு வானவில்

கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் காது ரெண்டும் அடைத்துப்போகும். கேனிங் பக்கத்திலிருந்து விடியற்காலை ரயிலில் வந்திறங்கும் வீட்டுவேலைப் பெண்கள், கோலே மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டை சுமக்கும் ஆட்கள், பஸ், ரிக்‌ஷா, டீக்கடை, நடைபாதையிலேயே அடுப்பு மூட்டியிருக்கும் குடும்பங்கள். இந்த இரைச்சலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில், ஒரு பெண்கள் பள்ளி இருக்கிறது. பெயர் லொரேட்டோ டே ஸ்கூல். 1857-இல் தொடங்கியது. அயர்லாந்திலிருந்து வந்த கன்னியரின் பள்ளி. வெளியிலிருந்து பார்த்தால் நம்மூர் கான்வென்ட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கேட், காவல்காரர், நீளமான கட்டடம், சீருடை, மணியடித்தால் அமைதி.

நமக்கு அதெல்லாம் வேண்டாம். படியேறுங்கள்! முதல் மாடியில் நிற்காதீர்கள், ரெண்டாவது மாடியில் எட்டிப் பார்க்காதீர்கள். நேராக மொட்டைமாடி. இந்தப் பள்ளியின் ரகசியம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

1985-க்குப் பிந்தைய ஏதோ ஒரு வேலைநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் குழந்தைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருத்தி சீருடை போட்ட மாணவி. எதிரே இருக்கும் குழந்தைக்குச் சீருடை கிடையாது. காலையில் ரயில்வே பிளாட்பாரத்தில் குப்பை பொறுக்கிவிட்டு வந்திருக்கலாம். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே வந்திருக்கலாம். ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு புத்தகம். டீச்சர் யார் என்று தேடாதீர்கள். சீருடை போட்ட அந்தச் சின்னப்பெண்தான் டீச்சர்! அவளே ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போதான் படிக்கிறாள். இப்படி ஏறக்குறைய ஒரு வகுப்பு முழுவதும், ஐம்பது மாணவிகள், ஐம்பது சின்ன டீச்சர்களாக உட்கார்ந்து தெருக்குழந்தைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தருகிறார்கள். இதற்குப் பெயர் ரெயின்போ ஸ்கூல்.

இந்தக் காட்சியை முதன்முதலில் படித்தபோது எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

சரி, இப்போது கொஞ்சம் கிட்டே வாருங்கள். இது எப்படி நடக்கிறது என்ற உள்விவகாரத்தைச் சொல்கிறேன். ஒரு பள்ளியில் ஐம்பது பிள்ளைகளை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பி, வேறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடு என்றால் முதலில் யார் சண்டைக்கு வருவார்கள்? பெற்றோர்! “கட்டணம் கட்டுவது எங்கள் பெண் படிக்கத்தானே?” என்று கேட்பார்கள். கேள்வியில் தப்பில்லை. அதற்கு இந்தப் பள்ளி கண்டுபிடித்த விடை டைம்டேபிளில் இருந்தது.

மேற்கு வங்கப் பாடத்திட்டத்தில் ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை ‘ஒர்க் எஜுகேஷன்’ என்றொரு பீரியடு இருந்தது. நம் பள்ளிகளில் தையல், கைவேலை என்று ஒரு பீரியடு வருமே, அந்த வகை. பெரும்பாலான பள்ளிகளில் ஏதோ துணியில் பூ பின்னி, அட்டையில் வீடு செய்து ஒப்பேற்றிவிடுவார்கள். லொரேட்டோவின் தலைமையாசிரியை சிஸ்டர் சிரில் மூனி அந்த பீரியடைக் கையில் எடுத்துக்கொண்டார். தெருக்குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைவிட உருப்படியான வேலை எது? ஆகவே அதுதான் ஒர்க் எஜுகேஷன்! கணக்கு பீரியடும் போகவில்லை, அறிவியல் பீரியடும் போகவில்லை. ஒரு வகுப்பு போனால் அடுத்த வகுப்பு வரும். வாரம் பூராவும், பள்ளி நேரம் பூராவும், மாடியில் யாராவது சின்ன டீச்சர்கள் இருந்துகொண்டே இருப்பார்கள். புதிய சட்டம் இல்லை, புதிய சம்பளப் பட்டியல் இல்லை. டைம்டேபிளில் கிடந்த ஒரு சோம்பேறி பீரியடை எழுப்பி உட்காரவைத்ததுதான் மொத்த வேலையும். இதைப்போய் யாராவது நிர்வாகம் என்று வறட்சியாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். கவிதை என்றே நான் சொல்வேன்.

ஏன் ஒருவருக்கு ஒருவர்? இதிலும் காரணம் இருக்கிறது. தெருவில் வளரும் குழந்தை திங்கட்கிழமை வரும், செவ்வாய்க்கிழமை காணாமல் போகும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அந்தக் குழந்தைதான் சம்பாதிக்க வேண்டும். மழை பெய்தால் கூரையாக இருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு வாரம் கழித்து வந்து சாதாரண வகுப்பில் உட்கார்ந்தால் எல்லாரும் பெருக்கலைத் தாண்டி வகுத்தலுக்குப் போயிருப்பார்கள். ரெண்டு தடவை அப்படி அவமானப்பட்டால் மூன்றாம் தடவை அந்தக் குழந்தை வராது. எதிரே ஒரே ஒரு அக்கா உட்கார்ந்திருந்தால் அந்தச் சிக்கலே கிடையாது. எங்கே விட்டோமோ அங்கேயே ஆரம்பிக்கலாம். எப்போது வந்தாலும் வரலாம், போக வேண்டுமென்றால் போகலாம். ‘ஏன் லேட்டு?’ என்று யாரும் கேட்காத பள்ளி! ஓரளவு படிப்பு வந்தவுடன் வயதுக்கேற்ற வகுப்பில் இங்கேயே சேர்த்துவிடுவார்கள், அல்லது பக்கத்து வங்காள வழிப் பள்ளியில் இடம்பிடித்துக் கொடுப்பார்கள்.

கல்யாண வீட்டில் முன்பந்தியைவிடச் சமையற்கட்டைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும். இங்கேயும் அப்படித்தான். பந்தி மாடியில் நடக்கிறது. அடுப்பில் நின்றவர் யார் என்று பார்க்க வேண்டாமா?

சிரில் மூனி 1936-இல் அயர்லாந்தின் பிரே என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். லொரேட்டோ சபையில் சேர்ந்து 1956-இல், இருபது வயதில், இந்தியாவுக்குக் கப்பலேறினார். லக்னோ பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கினார். சோதனைச்சாலைக்காரரின் குணம் அவரிடம் இருந்தது என்பது என் ஊகம். எதையும் செய்துபார், சரியாக வந்தால் பெரிதாக்கு, வராவிட்டால் மாற்று. 1979-இல் சியால்தா பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தார். அப்போது பள்ளியில் மொத்தம் 790 மாணவிகள், கட்டணம் இல்லாமல் படித்த ஏழைப்பிள்ளைகள் 90 பேர். பக்கத்துச் சேரிகளிலிருந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டே போனார். இடம் போதவில்லை என்று யாரையும் அனுப்பாமல் பள்ளியைப் பெரிதாக்கினார். 1998 வாக்கில் மாணவிகள் 1,400 பேர். அதில் 700 பேர் கட்டணம் கட்டினார்கள், 700 பேர் கட்டவில்லை. சரிபாதி!

இந்தப் பாதிக்குப் பாதி கணக்கைச் சும்மா தாண்டிப்போக முடியாது. 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களை எளிய பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொன்னது. அதற்கே நாடு முழுக்க எத்தனை பள்ளிகள் நீதிமன்றப் படியேறின என்பது நமக்குத் தெரியும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பும் சொல்லிவிட்டது. அதாவது கிறிஸ்தவப் பள்ளியான லொரேட்டோவுக்குச் சட்டப்படி ஒரு இடம்கூட ஒதுக்கவேண்டிய கட்டாயமில்லை. அவர்களோ அந்தச் சட்டம் பிறப்பதற்குப் பத்தாண்டு முன்பே, யாரும் கேட்காமல், அதைப்போல ரெண்டு மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்!

வகுப்பில் போய் உட்கார்ந்தால் யார் கட்டணம் கட்டுகிறவள், யார் கட்டாதவள் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரே சீருடை, ஒரே பெஞ்ச், ஒரே பாடம். டாக்டர் மகளும் ரிக்‌ஷாக்காரர் மகளும் முழங்கை இடித்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்தார்கள். பணம்? கட்டக்கூடியவர்கள் கட்டிய கட்டணம், நன்கொடைகள், இந்தப் பிள்ளையின் செலவு என்னுடையது என்று பொறுப்பேற்றுக்கொண்ட தூரத்து மனிதர்கள். இப்படித்தான் வண்டி ஓடியது.

இதை எழுதும்போது இன்னொரு பெயர் மனதில் வந்து நிற்கிறது. இதே லொரேட்டோ சபையில் 1928-இல் சேர்ந்து, சியால்தாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் எண்டாலி பள்ளியில் பாடம் நடத்திய ஒரு சிஸ்டர், 1948-இல் மடத்தின் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனார். அவரை உலகம் அன்னை தெரசா என்று அறியும். சிரில் எதிர்த்திசையில் நடந்தார். மடத்தைவிட்டு வெளியே போகாமல், கேட்டைத் திறந்து தெருவை உள்ளே கூப்பிட்டுவிட்டார்! ஒரே சபை, ஒரே நகரம், ரெண்டு வழி. எது பெரிது என்று எடைபோடும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் ரெண்டாவதை இன்னும் நிறையப் பேர் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும் அடங்கமாட்டேன் என்கிறது.

சபையின் பூர்வகதையையும் கேட்டுவிடுங்கள், துப்பறியும் நாவல் தோற்றுப்போகும். 1585-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில் பிறந்த மேரி வார்டு என்ற பெண்மணி 1609-இல் ஒரு சபையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் கன்னியாஸ்திரி என்றால் மதிலுக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டும், அதுதான் விதி. மேரியோ எங்கள் பெண்கள் மதிலுக்கு வெளியே நடமாடுவார்கள், பெண்குழந்தைகளுக்குப் பள்ளி நடத்துவார்கள் என்றார். ‘துள்ளித் திரியும் பெண்கள்’ என்று கேலிசெய்தார்கள். 1631-இல் போப்பாண்டவர் எட்டாம் உர்பன் சபையையே கலைத்துவிட்டார். மேரியை மியூனிக் நகரில் ஒரு மடத்தில் சிறைவைத்தார்கள். அங்கிருந்து அவர் தன் தோழிகளுக்குக் கடிதம் எழுதினார். எதைக்கொண்டு தெரியுமா? எலுமிச்சைச் சாறு! காய்ந்துவிட்டால் தாளில் ஒன்றும் தெரியாது. நெருப்பில் காட்டினால் எழுத்து பழுப்பாக எழும்பி வரும். அந்தக் கடிதங்களில் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் பத்திரமாக இருக்கின்றன. மேரி வார்டுதான் நிறுவனர் என்று திருச்சபை வாயைத் திறந்து ஒப்புக்கொள்ள 1909 ஆனது. அவர் தொடங்கியதன் அயர்லாந்துக் கிளைதான் லொரேட்டோ. 1841 டிசம்பர் கடைசியில் அந்தக் கிளையின் சிஸ்டர்கள் கொல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். மதில் வேண்டாம் என்பதற்காகச் சிறைக்குப் போன பெண்ணின் வழிவந்தவர்கள், தங்கள் பள்ளி கேட்டைத் தெருவுக்குத் திறந்துவிட்டதில் எத்தனை பொருத்தம்!

சரி, மாடியிலிருந்து கீழே இறங்கலாம். வியாழக்கிழமை என்றால் கேட்டில் பஸ் நிற்கும். 150 மாணவிகள் அட்டை, படம், சோழி, குச்சி என்று தாங்களே செய்த சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். நகரத்துக்கு வெளியே இருக்கும் கிராமப் பள்ளிகளுக்குப் போய், அங்கே உள்ள குழந்தைகளுக்கு விளையாட்டாகப் பாடம் சொல்லிவிட்டுத் திரும்புவார்கள். நகரத்துப் பெண்களுக்கு வரப்பில் நடக்கத் தெரியாது, கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. ஆளுக்கொன்றாகக் கற்றுக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கிராமங்களிலும் சேரிகளிலும் நிரந்தரமாக இருந்து நடத்த ஆள் வேண்டுமே? அதற்கென்று ஒரு பயிற்சி. பட்டம் வாங்காத, கல்லூரி வாசலை மிதிக்காத இளைஞர்களையும் பெண்களையும் அவரவர் ஊரிலிருந்தே பொறுக்கி எடுத்து, குறுகிய காலம் தங்களோடு உட்காரவைத்து, கையில் கிடைக்கும் பொருளைக்கொண்டு எப்படிப் பாடம் நடத்துவது என்று காட்டிக்கொடுத்தார்கள். இவர்களை ‘வெறுங்கால் ஆசிரியர்கள்’ என்று அழைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் இப்படிப் பயிற்சி பெற்றார்கள். 1999-இல் கொல்கத்தாவில் பள்ளிக்குப் போகாத குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர அரசும் தொண்டு நிறுவனங்களும் கைகோத்து ‘சிக்‌ஷாலய பிரகல்பா’ என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் முன்வரிசையில் லொரேட்டோ இருந்தது.

என்னை மயிர்க்கூச்செறியவைத்த இடம் இதற்கு அடுத்தது. கொல்கத்தாவின் அடுக்கு வீடுகளுக்குள் சின்னப் பெண்குழந்தைகள் வீட்டுவேலை செய்துகொண்டிருப்பார்கள். பால்கனியில் துணி காயப்போடும்போது மட்டும் வெளியே தெரிவார்கள். எந்தக் கணக்கெடுப்பிலும் வரமாட்டார்கள். கேட்டால் ‘ஊரிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்’ என்பார்கள். அதிகாரி போய்க் கதவைத் தட்டினால் குழந்தையை ஒளித்துவிடுவார்கள். ஆனால் அதே தெருவில் குடியிருக்கும் பள்ளிச்சிறுமியின் கண்ணிலிருந்து எப்படி ஒளிக்க முடியும்? சியால்தா மாணவிகள் தங்கள் தெருவில், தங்கள் மாடிக்கட்டடத்தில், இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேடிப்பிடித்தார்கள். சிநேகம் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அந்த வீட்டு எஜமானியம்மாவிடம் மெதுவாகப் பேச்சுக்கொடுத்து, கொஞ்ச நேரம் படிக்க அனுப்புங்கள் என்று கேட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் வந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் முடியாது என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்! பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீட்டுவேலைக்கு வைக்கக்கூடாது என்று மத்திய அரசின் தடை, இதற்கெல்லாம் பிறகு, 2006 அக்டோபரில்தான் வந்தது.

செங்கல் சூளைக்கும் போனார்கள். ஹூக்ளி ஆற்றங்கரை நெடுக மழைக்காலம் முடிந்ததும் சூளை எரியத் தொடங்கும், அடுத்த மழைவரை எரியும். பீகார், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வேலைக்கு வருவார்கள். பிள்ளைகளின் மொழி இந்தி, உள்ளூர்ப் பள்ளியின் மொழி வங்காளம், அதுவும் பாதி வருஷம் மட்டும்தான் இங்கே. எந்தப் பள்ளியின் வருகைப்பதிவேட்டிலும் அடங்காத பிள்ளைகள். அவர்களுக்குச் சூளைக்கே போய் வகுப்பு நடத்த ஆட்களைப் பழக்கி அனுப்பினார்கள்.

இப்போது பொழுது சாய்கிறது. கடைசி மணி அடித்தாகிவிட்டது. வழக்கமாக இந்த நேரத்தில் ஒரு பள்ளி என்ன செய்யும்? பூட்டிக்கொண்டு தூங்கும். இங்கேதான் இன்னொரு ஆச்சரியம்! மாடியில் படிக்கவந்த குழந்தைகளில் சிலருக்கு, அதிலும் பெண்குழந்தைகளுக்கு, ராத்திரித் தெரு ஆபத்தானது. பகலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு இருட்டில் அந்தக் குழந்தையைப் பிளாட்பாரத்துக்கு அனுப்ப யாருக்கு மனம் வரும்? இங்கேயே தங்கட்டும் என்றார்கள். பள்ளிக் கட்டடமே ராத்திரியில் வீடாகிவிட்டது. குளியல், சாப்பாடு, வீட்டுப்பாடம், சண்டை, சமாதானம், தூக்கம் எல்லாம் அங்கேயே. இருநூறுக்கும் மேற்பட்ட பெண்குழந்தைகள் இப்படி வளர்ந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு நகரத்தில் பள்ளிக் கட்டடங்கள் எத்தனை! தண்ணீர் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, சுற்றுச்சுவர் இருக்கிறது, காவல்காரர் இருக்கிறார். சாயங்காலம் நாலரை மணியிலிருந்து காலை எட்டரைவரை அவ்வளவும் காலி. அந்தச் சுவருக்கு வெளியே குழந்தைகள் நடைபாதையில் படுத்திருக்கிறார்கள். புதிய விடுதி கட்டவேண்டும், நிலம் வாங்கவேண்டும் என்று திட்டம்போட்டு உட்கார்ந்திருந்தால் அந்தக் குழந்தை வளர்ந்து பாட்டியாகிவிடும். இருக்கும் கட்டடத்தைப் பகிர்ந்துகொண்டால் இன்றைக்கு ராத்திரியே ஆகிவிடும்!

இத்தனைக்கும் அங்கே சிஸ்டர்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆசிரியைகளில் பெரும்பாலோர் துறவிகள் அல்லர். மாணவிகளில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் உண்டு. மாடிக்கு ஏறிவரும் குழந்தையிடம் மதம் யாரும் கேட்கவில்லை. 1994-இல் யுனெஸ்கோவின் நோமா எழுத்தறிவுப் பரிசு பள்ளிக்குக் கிடைத்தது. 2007-இல் சிரிலுக்குப் பத்மஸ்ரீ. 2011-இல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார், 2023 ஜூனில் கொல்கத்தாவிலேயே காலமானார். பரிசுகளைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்குப் பொறுமையில்லை, ஏனென்றால் நம் ஊர்ச் செய்தி ஒன்று நாக்கு நுனியில் துடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த மாடி யோசனை சியால்தாவோடு நிற்கவில்லை. கொல்கத்தாவின் மற்ற லொரேட்டோ பள்ளிகளுக்குப் போனது. பிறகு ரெயின்போ இல்லங்கள் என்ற பெயரில் மடத்தின் எல்லையையும் தாண்டி, அரசுப் பள்ளிக் கட்டடங்களுக்குள் நுழைந்தது. ஹைதராபாத், டெல்லி, பெங்களூரு, பாட்னா என்று ஒவ்வொரு நகரமாக ஏறியது. சென்னைக்கும் வந்துவிட்டது! இங்கே மாநகராட்சிப் பள்ளி வளாகங்களில் பகலில் வகுப்பு நடக்கும், மணியடித்த பிறகும் பிள்ளைகளின் சத்தம் ஓயாது, ஏனென்றால் அங்கேயே குடியிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சென்னை வாசகர்களே, உங்கள் வீட்டுப் பக்கம் அப்படியொரு இல்லம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். உங்கள் வீட்டில் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் பெண் இருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு போய், சனிக்கிழமை ஒரு மணிநேரம் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவையா என்று கேளுங்கள்.